கக்கனின் ஊர்களில் நான்கு நாட்கள்

முதல் நாள், டிசம்பர் 20 – மதுரை

பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரையில் நின்றபோது இன்னும் இருட்டு விலகவில்லை. மார்கழிக் குளிர் மதுரைக்குப் பெரிதாக வருவதில்லை. ஆனாலும் டவுன் ஹால் ரோட்டில் டீக்கடை பாய்லரைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையில் துண்டைக் கட்டியிருந்தார்கள். நானும் ஒரு டீ வாங்கிக்கொண்டு நின்றேன். எதிரே மேலக் கோபுரம் மங்கலாகத் தெரிந்தது.

இந்தப் பயணம் பல வருடங்களாக மனத்தில் இருந்தது. ஜூன் 18 வந்தாலும் டிசம்பர் 23 வந்தாலும் என் கைபேசிக்கு ஒரே செய்தி பத்துப் பேரிடமிருந்து வரும். அமைச்சராக இருந்தவர், சொந்தமாக வீடு இல்லாதவர், பதவி போனபின் டவுன் பஸ்ஸில் போனவர், அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருந்தவர். பெயர் கக்கன். ஜூன் 18 அவர் பிறந்தநாள், டிசம்பர் 23 நினைவுநாள். அனுப்பியவர்களும் படிப்பவர்களும் ஒரு பெருமூச்சோடு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். எனக்கு இதில் நெடுநாள் கோபம். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அமைச்சராக இருந்த ஒருவர் அந்தப் பத்து ஆண்டுகளில் என்ன செய்தார் என்று அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இருக்காது.

என் தாத்தா பொதுப்பணித்துறையில் லஸ்கராக வேலை பார்த்தவர். கால்வாய்க் கரையில் நடப்பது, ஷட்டருக்குக் கிரீஸ் போடுவது, மேலிருந்து வரும் உத்தரவுப்படி மடையை ஏற்றி இறக்குவது, இதுதான் அவருடைய வாழ்க்கை. கக்கனை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பெயரைச் சொல்லும்போது "எங்கள் துறை மந்திரி" என்றுதான் ஆரம்பிப்பார். ஏழை மந்திரி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த நினைவோடுதான் கிளம்பியிருக்கிறேன். அவர் வேலை செய்த இடங்களைப் பார்க்க வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம் மீனாட்சியம்மன் கோயில். கைபேசியைப் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மார்கழி என்பதால் அந்த நேரத்திலேயே கூட்டம். ஈரத் தலையோடு வரிசையில் நின்ற பெண்களுக்கு நடுவில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தாய் தன் மகளின் பின்னலில் கனகாம்பரத்தைச் செருகிக்கொண்டே நகர்ந்தார். யாரும் யாரையும் எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை.

1939 ஜூலை 8ஆம் தேதி காலை இதே கோயிலுக்குள் மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர் ஒரு சிறு குழுவை அழைத்துக்கொண்டு வந்தார். அதுவரை வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்த சாதிகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். கக்கன், முருகானந்தம், முத்து, சின்னையா, பூவலிங்கம் ஆகியோரோடு சண்முக நாடாரும் அதில் இருந்தார். கோயிலின் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர். எஸ். நாயுடு அவர்களைத் தடுக்காமல் வரவேற்றார். அர்ச்சகர்களான பட்டர்களில் ஒரு பிரிவினர் அதன்பின் கோயிலை விட்டே விலகி நின்றார்கள். வழக்கு, மிரட்டல், துண்டுப் பிரசுரம் என்று ஊர் கொதித்தது. அப்போது மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, உள்ளே அழைத்துப் போனவர்கள்மேல் நடவடிக்கை பாயாமல் இருக்க அவசரச் சட்டமும், பிறகு ஆலயப் பிரவேசச் சட்டமும் கொண்டுவந்தார்.

கக்கனுக்கு அப்போது வயது 31. மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் அவருடைய தந்தை பூசாரி. பெயருக்கு முன்னால் இருக்கும் 'பூ' என்ற எழுத்து அந்தப் பூசாரியைக் குறிப்பதுதான். தன் தெருவின் தெய்வத்துக்குப் பூசை செய்யும் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு, முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் இந்தக் கோயில் வாசல் மூடியிருந்தது. யாரோ வெளியிலிருந்து வந்து வரலாற்றில் இவர் பெயரைச் சேர்த்துவிட்டதைப் போலச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெய்வத்தின் முன் நிற்பது எப்படி என்று அன்று உள்ளே நுழைந்தவர்களில் இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

வைத்தியநாத ஐயர் 1955இல் மறைந்தபோது அவருடைய பிள்ளைகளோடு கக்கனும் மொட்டையடித்துக்கொண்டு ஈமக்கடனில் பங்கேற்றார் என்பது மதுரையில் பலரும் சொல்வது. அந்த வருடம் அவர் நாடாளுமன்ற உறுப்பினர். சன்னதியிலிருந்து வெளியே வந்து பொற்றாமரைக் குளத்துப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மொட்டைத் தலையோடு ஒரு எம்.பி. இந்த வீதிகளில் நடந்து போயிருப்பார் என்ற எண்ணம் போகவே இல்லை.

இரண்டாம் நாள், டிசம்பர் 21 – வைகை அணை

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் காலை ஆறரை மணிக்குத் தேனி பஸ். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போது காற்று மாறியது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு, "அணைக்கா போகிறாய் தாயி? பூங்காவில் இறங்கு, முன்னாலேயே இறங்கிவிடாதே" என்று இரண்டு முறை சொன்னார். ஆண்டிபட்டியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன்.

அணையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பூங்காவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த மதகுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. எட்டும் தூரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், கற்சுவரில் நீர் கசிந்து வழிந்த இடமெல்லாம் கறுத்தும், சுண்ணாம்பு படிந்த இடமெல்லாம் வெளுத்தும், வயதான யானையின் தோல்போல இருக்கிறது. அடியில் பாசி. பாசியின்மேல் கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றது.

அணையின் உயரம் 111 அடி, தேக்கி வைப்பது 71 அடி. 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தாத்தா உயிரோடு இருந்தவரை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலியில் இந்த எண்ணைக் கேட்காமல் சாப்பிட உட்காரமாட்டார். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் தெரிந்த எண்கள் இவைதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வைகை அணையைக் கக்கன் கட்டினார் என்று எழுதுகிறார்கள். 1957 ஏப்ரலில் காமராஜர் அமைச்சரவையில் அவர் பொதுப்பணித்துறைக்கு வந்தபோது இங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. அணை 1959 ஜனவரி 21ஆம் தேதி திறக்கப்பட்டது. பாதியில் வந்த ஒரு வேலையை முடித்துக்கொடுத்த அமைச்சர் அவர். அது குறைந்த பெருமை என்று நினைப்பவர்கள் ஓர் அரசுக் கட்டுமானத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கமாட்டார்கள். அடிக்கல் நாட்டி அப்படியே கிடக்கும் வேலைகள் எத்தனை! சிமெண்ட் ஒதுக்கீடு, நிலம் கொடுத்தவர்களின் வழக்கு, ஒப்பந்தக்காரர் பில், மழை வந்தால் நின்றுபோகும் வேலை, இத்தனையும் ஒருவர் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளும் அவர் அந்தத் துறையில் இருந்த ஆண்டுகளில்தான் திறப்புக்கு வந்தன. ஆதிதிராவிடர் நலமும் அப்போது அவர் பொறுப்பில்தான் இருந்தது.

இந்த அணை ஏன் தேவைப்பட்டது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதலே மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஆனால் வந்த தண்ணீரைச் சமவெளியில் நிறுத்திவைக்க இடமில்லை. வைகையில் கலந்து பேரணை என்னும் தடுப்பணைக்கு ஓடியது. வயலுக்கு வேண்டாதபோதும் வந்தது, வேண்டியபோது வராமலும் போனது. அணை வந்தபிறகுதான் எப்போது விடுவது, எவ்வளவு விடுவது என்று கணக்குப் போட முடிந்தது. என் தாத்தாவுக்கு வேலை கிடைத்ததும் அந்தக் கணக்கினால்தான்.

கரையில் காவலுக்கு இருந்தவரிடம் என் தாத்தா லஸ்கர் என்று சொன்னேன். உட்கார நாற்காலி கொடுத்தார். இப்போது அந்த வேலைக்கு ஆட்கள் போதவில்லை, ஒருவரே மூன்று பேர் பார்த்த கரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வருத்தப்பட்டார். மணி இரண்டு ஆகியிருந்தது. பொரித்த மீன் விற்கும் கடையில் ஜிலேபிக் கெண்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். மீனின் மேல் ஒட்டியிருந்த மிளகாய்த் தூள் விரலில் இருந்து இரவுவரை போகவில்லை.

மூன்றாம் நாள், டிசம்பர் 22 – கள்ளந்திரி, மீண்டும் மதுரை

காலையில் அழகர்கோயில் பஸ்ஸில் ஏறிக் கள்ளந்திரியில் இறங்கினேன். பெரியாறு பிரதான கால்வாய் இங்கே சாலையைக் கடக்கிறது. நேற்று அணையில் நின்ற தண்ணீர் இன்று இந்த மடையில் கலங்கலாக, சத்தமில்லாமல், ஒரு ஆள் வேகமாக நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

மதுரை விவசாயிகள் பேச்சில் கள்ளந்திரி என்பது ஓர் எல்லைக்கோடு. பேரணையிலிருந்து இதுவரை 45,041 ஏக்கர் இருபோகம். இதற்குக் கீழே மேலூர் பக்கம் 85,563 ஏக்கரும், தனிக் கால்வாயில் திருமங்கலம் பக்கம் 19,439 ஏக்கரும் ஒருபோகம். மேலே இருப்பவர் இரண்டு முறை நடுவார், கீழே இருப்பவர் ஒரு முறை நடுவதற்கே வானத்தையும் அணையின் எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். கக்கனின் ஊர் மேலூர் பக்கம். கடைமடை என்றால் என்ன என்று கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அந்த அமைச்சருக்கு இல்லை.

மடையின் இரும்புச் சக்கரத்தில் கிரீஸ் புதிதாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். தாத்தாவின் காக்கிச் சட்டையில் வரும் அதே வாசனை.

மதியம் மதுரை திரும்பி, கோரிப்பாளையத்தில் இறங்கி அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு எதிரே நின்றேன். அந்த வார்டுச் செய்தி இந்த இடத்தைப் பற்றியதுதான். 1967 தேர்தலில் மேலூர் தெற்குத் தொகுதியில் தி.மு.க.வின் ஓ. பி. ராமனிடம் கக்கன் தோற்றார். அதன்பின் அவருக்கு அமைச்சர் பதவி எதுவும் இல்லை. உடல் நலிந்து இங்கே பொது வார்டில் சேர்ந்திருந்தபோது, மதுரை மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். செய்தி கேட்டு அவரிடமும் வந்தார். தனி அறைக்கு மாற்றுகிறேன் என்று சொன்னதைக் கக்கன் ஏற்கவில்லை என்று சொல்வார்கள். எம்.ஜி.ஆர். அரசு பிறகு அவருக்கு மாத உதவித் தொகையும் பஸ்ஸில் இலவசப் பயணமும் கொடுத்தது. 1981 டிசம்பர் 23ஆம் தேதி சென்னையில் காலமானார்.

உள்ளே போகவில்லை. நோயாளிகளின் உறவினர்கள் வாசலில் தூக்குச்சட்டியோடு வரிசையில் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய அமைச்சர் படுத்த கட்டில் எது என்று தேடி அவர்களுக்கு நடுவில் அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தச் சம்பவத்தைச் சொல்லும் எல்லாரும் அவருடைய நேர்மையைச் சொல்கிறார்கள். அவரை அந்த நிலையில் விட்டவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோற்றபின் அவருடைய கட்சிக்கும் அவர் பெரிதாகத் தேவைப்படவில்லை. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர், தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்தவர், அவரைக் கட்டிலில் கண்டுபிடிக்க இன்னொரு கட்சியின் முதல்வர் வர வேண்டியிருந்தது.

சாயங்காலம் மாசி வீதிகளில் நடந்தேன். இந்த நடை எனக்கு எளிதாக இல்லை. 1965 ஜனவரி 25 அன்று இந்த ஊரில் இந்தி எதிர்ப்பு ஊர்வலம் போன மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மோதல் வந்தது. அங்கிருந்து தீ மாநிலம் முழுக்கப் பரவியது. இரண்டு வாரங்களுக்கு மேல் கல்வீச்சு, தடியடி, துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 70 பேர் இறந்தார்கள். முதலமைச்சர் பக்தவத்சலம். காவல்துறையைக் கையில் வைத்திருந்த உள்துறை அமைச்சர், 1963 அக்டோபர் முதல் அந்தப் பொறுப்பில் இருந்த கக்கன்.

எங்கள் குடும்பத்திலேயே அப்போது கல்லூரியில் படித்த பெரியப்பா ஒருவர் தடியடியில் முழங்கையை முறித்துக்கொண்டார். கடைசிவரை அந்தக் கை முழுதாக மடங்கவில்லை. கக்கன் பேச்சை எடுத்தால் அவர் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். தாத்தா ஒன்றும் சொல்லமாட்டார். முடிவெடுத்தவர் முதலமைச்சர்தான் என்று சொல்லி உள்துறை அமைச்சரைத் தப்பவைக்க நான் விரும்பவில்லை. அந்த நாற்காலியில் அவர் இருந்தார். அந்த மரணங்களில் அவருக்குப் பங்கு உண்டு. ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் 1964இல் தொடங்கியபோதும் அதே நாற்காலியில்தான் இருந்தார். இரண்டையும் எழுதினால்தான் அவர் அமைச்சராக இருந்தார் என்று நாம் நம்புகிறோம் என்று பொருள். ஏழ்மையை மட்டும் எழுதினால், அவருக்கு ஓர் அதிகாரம் இருந்தது என்பதையே மறந்துவிடுகிறோம். ஒரு தலித் தலைவரைப் பற்றி எழுதும்போது இந்த மறதி மிக எளிதாக வந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

நான்காம் நாள், டிசம்பர் 23 – மேலவளவு, தும்பைப்பட்டி

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ். ஒத்தக்கடையில் யானைமலை, அதன் பக்கத்தில் வேளாண்மைக் கல்லூரி. 1965இல் தொடங்கிய கல்லூரி இது. கக்கன் 1962 மார்ச்சிலிருந்து ஒன்றரை ஆண்டு வேளாண்மை அமைச்சராக இருந்தபோது இதற்கு முயற்சி எடுத்தார் என்று இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். பஸ் அங்கே இரண்டு நிமிடம் நின்றது. வெள்ளைச் சட்டை மாணவர்கள் சிலர் இறங்கினார்கள்.

மேலூருக்கு முன்பே இரண்டு பக்கமும் செங்கரும்பு. பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, வியாபாரிகள் இப்போதே தோட்டத்தைப் பார்த்து விலை பேச வந்துவிட்டார்கள். பஸ் நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் கரும்புக்குத் தோகை உரிக்கும் வேலைக்குப் போகிறவர். கையை நீட்டிக் காட்டினார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தோகை அறுத்த கோடுகள், சில ஆறி வெளுத்தும் சில புதிதாகச் சிவந்தும். "சட்டை முழுக்கையாகப் போட்டாலும் உள்ளே புகுந்துவிடும் தாயி" என்றார். சொந்தக் கரும்பா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "எங்களுக்கு ஏது நிலம்" என்றார்.

தும்பைப்பட்டிக்கு முன்னால் மேலவளவுக்குப் போனேன். அதே தாலுகா. ஊராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காதவர்கள் அங்கே தேர்தலையே நடக்கவிடாமல் செய்தார்கள். பிறகு காவலோடு நடந்த தேர்தலில் தலைவரான முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவிடம் ஊரில் இருக்கிறது. அங்கே யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். 1963இல் இந்தத் தாலுகாவின் ஒரு பூசாரி மகன் மாநிலத்துக் காவல்துறைக்கே அமைச்சரானார். 34 ஆண்டுகள் கழித்து ஓர் ஊராட்சித் தலைவர் தன் ஊருக்குப் போகும் பஸ்ஸில் உயிரோடு போய்ச் சேர முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

தும்பைப்பட்டி, மேலூரிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் இருக்கிறது. மணிமண்டபத்தில் கக்கன் சிலைக்குப் புது மாலை போட்டிருந்தார்கள். நான் போனபோது கூட்டம் கலைந்திருந்தது. தரையில் உதிர்ந்த சாமந்தி இதழ்களை ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். என்னைப் பற்றி விசாரித்துவிட்டு, "லஸ்கர் பேத்தியா? அப்படியென்றால் நீ நம் பிள்ளைதான்" என்றார். சுதந்திரப் போராட்டத்தின்போது மேலூர் காவல் நிலையத்தில் கக்கனைக் கட்டிவைத்து அடித்ததாகத் தன் தந்தை சொல்லக் கேட்டிருக்கிறார். "அந்த ஸ்டேஷனுக்கே மந்திரியாக வந்தார். வந்தால் இன்ஸ்பெக்டர் சல்யூட் அடிக்க வேண்டும். எங்களுக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை" என்றார். சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. 1967இல் சொந்த மண்ணிலேயே தோற்றது ஏன் என்று கேட்டேன். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தார். அரிசி கிடைக்கவில்லை, பிள்ளைகளைச் சுட்டார்கள், ஊரே மாறிப் போட்டது, நானும் மாறித்தான் போட்டேன் என்றார். பிறகு, "அதற்கு அவர் எங்கள்மேல் கோபப்படவில்லை. தெருவில் வந்தால் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்" என்று சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்காக நிற்கும்போது அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், என் கையில் இருந்த குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "பத்திரிகையா அக்கா?" என்றாள். கக்கனைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், "எங்கள் ஊர்க்காரர். ரொம்ப ஏழை. நல்லவர்" என்று ஒப்பித்தாள். வேறென்ன தெரியும் என்று கேட்டேன். தோழிகளைப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை.

வைகை அணைக்குப் போயிருக்கிறாயா என்றேன். போன வருடம் பள்ளிச் சுற்றுலாவில் போனாளாம். பூங்காவில் ஊஞ்சல் ஆடியதையும் ஒரு பையன் தண்ணீர்ப் பாட்டிலைத் தொலைத்ததையும் சொன்னாள். அந்த அணை திறந்தபோது அந்தத் துறைக்கு மந்திரி யார் தெரியுமா என்று கேட்டு, பதிலைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "இவரா?" என்று மணிமண்டபத்தின் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு பையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "சொல்லுங்கள் அக்கா, எழுதிக்கொள்கிறேன்" என்றாள்.

1939 மீனாட்சியம்மன் கோயில். 1946 முதல் 1950 வரை அரசியல் நிர்ணய சபை. 1952இல் எம்.பி. 1957 பொதுப்பணித்துறை. 1959 வைகை அணை. 1962 வேளாண்மை. 1963 உள்துறை. 1965 துப்பாக்கிச் சூடு என்றபோது பேனாவை நிறுத்தி, அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டாள். எழுது என்றேன். எழுதினாள். தோழிகள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். தூரத்தில் மேலூர் பஸ் வருவது தெரிந்தது.

"அவர் ஏழையாக இருந்ததையும் எழுதட்டுமா அக்கா?"

"எழுது. கடைசி வரியில் எழுது."

நோட்டை முட்டியில் வைத்துக்கொண்டு அவள் எழுதி முடிக்கும்வரை, படியில் ஒரு காலை வைத்தபடி கண்டக்டரிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றேன்.